ஒட்டுவதும் ஒட்டாதிருப்பதும்

ஒரு செல்லுக்குள் குறிப்பிட்ட ஒரு புரதம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. இருக்கும் அந்தப் புரதம் இந்தக் கணத்தில் வேலை செய்கிறதா, சும்மா இருக்கிறதா என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குப் புரதத்தின் அளவை அறிந்தாலே விடை கிடைத்துவிடும். இரண்டாவது கேள்விக்கு அளவு உதவாது. செல்லின் சமிக்ஞைப் புரதங்களில் பல, எப்போதும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்துகொண்டு, வெளியிலிருந்து செய்தி வரும்போது மட்டும் சிறிது நேரம் செயலூக்கம் பெற்று, செய்தியைக் கடத்திவிட்டு மீண்டும் அடங்கிவிடுகின்றன. அடங்கிய நிலைக்கும் செயலூக்க நிலைக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் ஓரிரு பாஸ்பேட் தொகுதிகள் மட்டுமே. அந்தச் சிறு வேறுபாட்டை வேறு ஆயிரக்கணக்கான புரதங்களின் நடுவே கண்டறிவதற்காக உருவாக்கப்பட்ட கருவியே பாஸ்பேட் நிலையறி எதிர்ப்பொருள். இன்று செல் சமிக்ஞை பற்றி வெளிவரும் கட்டுரைகளில் இக்கருவி இடம்பெறாதவை அரிது. அக்கட்டுரைகளின் நம்பகத்தன்மையும் பெருமளவு இதன் நம்பகத்தன்மையைப் பொறுத்தே அமைகிறது.

எர்க்: செய்தி கடத்தும் சங்கிலியின் கடைசிக் கண்ணி

இக்கருவியை விளக்குவதற்கு எர்க் என்னும் புரதம் மிகப் பொருத்தமானது. வளர்ச்சிக் காரணி ஒன்று செல்லின் வெளிச்சவ்விலுள்ள ஏற்பியோடு இணையும்போது, சவ்வின் உட்புறத்தில் ராஸ் என்னும் சிறு புரதம் செயலூக்கம் பெறுகிறது. ராஸ் ராஃப் என்பதைத் தூண்ட, ராஃப் மெக் என்பதைத் தூண்ட, மெக் இறுதியாக எர்க்கைத் தூண்டுகிறது. ராஃப், மெக், எர்க் மூன்றும் கைனேஸ்கள். அதாவது, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட் தொகுதியைப் பிரித்தெடுத்து, வேறொரு புரதத்தின் குறிப்பிட்ட அமினோ அமிலத்தின் மீது ஏற்றிவைக்கும் நொதிகள். மனித ஜீனோமில் இத்தகைய கைனேஸ்கள் 500-க்கும் மேல் உள்ளன. அவற்றுள் எர்க்கின் முக்கியச் சிறப்பு, அது செல்லின் சாற்றுப்பகுதியிலிருந்து உட்கருவுக்குள் நுழைந்து, எந்த மரபணு இயங்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் புரதங்களையே மாற்றியமைக்கிறது என்பதாகும். செல் பிரிவதா, வேறொரு வகைச் செல்லாக முதிர்வதா, இருந்தபடியே இருப்பதா என்னும் முடிவுகளில் அதற்குப் பங்குண்டு.

எர்க்கில் நெருங்கிய உறவுடைய இரு வடிவங்கள் உண்டு. எர்க் 1 ஏறத்தாழ 44 கிலோடால்டன் எடையும், எர்க் 2 ஏறத்தாழ 42 கிலோடால்டன் எடையும் கொண்டவை. கிலோடால்டன் என்பது மூலக்கூறு எடையைக் குறிக்கும் அலகு. இவ்விரண்டின் மடிப்பிலும் செயலூக்க வளையம் எனப்படும் ஒரு பகுதியில் திரியோனின், குளுட்டாமிக் அமிலம், டைரோசின் ஆகிய மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மனித எர்க் 1-இல் அந்தத் திரியோனின் 202-ஆம் இடத்திலும் டைரோசின் 204-ஆம் இடத்திலும் இருக்கின்றன. எர்க் 2-இல் அவற்றின் இடங்கள் 185, 187. மெக் இவ்விரண்டின் மீதும் பாஸ்பேட்டை ஏற்றும்போது வளையம் இடம்பெயர்ந்து, நொதியின் செயல்திறன் ஆயிரம் மடங்குக்கும் மேலாக உயர்கிறது. ஏறிய ஒரு பாஸ்பேட்டால் கூடும் எடை சுமார் 80 டால்டன், அதாவது எர்க் 2-இன் எடையில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கு. எடையில் இவ்வளவு அற்பமான மாற்றம் செயலில் இவ்வளவு பெரிதாக வெளிப்படுவதால்தான், அதைக் காணும் வழி தேடி ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் உழைத்தனர்.

கதிரியக்கத்தின் காலம்

புரதங்களின் மீது பாஸ்பேட்டை ஏற்றியும் இறக்கியும் செல் தன் வேலைகளைக் கட்டுப்படுத்துகிறது என்பதை, சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1950-களின் நடுவில், தசையில் கிளைகோஜனை உடைக்கும் நொதியை ஆராய்ந்தபோது நிறுவினர். 1992-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர்களின் கண்டுபிடிப்புக்குப் பின் நீண்ட காலம் செரின், திரியோனின் ஆகிய இரு அமினோ அமிலங்களின் மீது மட்டுமே பாஸ்பேட் ஏறுவதாகக் கருதப்பட்டது. கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் 1979-இல் டோனி ஹன்டர் குழுவினர், புற்றுநோய் உண்டாக்கும் வைரஸ் புரதங்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, டைரோசின் மீதும் பாஸ்பேட் ஏறுவதைக் கண்டனர். அமினோ அமிலங்களை மின்புலத்தில் பிரிப்பதற்குப் பயன்பட்ட கரைசல் பழையதாகி, அதன் அமிலத்தன்மை சற்றே கூடியிருந்தது. அதனால்தான் வழக்கமாக ஒன்றன்மேல் ஒன்றாகவே விழும் பாஸ்போதிரியோனினும் பாஸ்போடைரோசினும் அன்று தனித்தனியே பிரிந்து நின்றன. சாதாரணச் செல்லில் பாஸ்பேட் ஏறிய அமினோ அமிலங்களுள் டைரோசினின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பதால், அது அதுவரை கண்ணில் படாமல் போனதில் வியப்பில்லை.

அந்தக் காலத்து அளவீடுகள் அனைத்தும் கதிரியக்கப் பாஸ்பரஸை நம்பியிருந்தன. வளரும் செல்களுக்குப் பாஸ்பரஸ்-32 ஊட்டி, அவற்றை உடைத்து, வேண்டிய புரதத்தைப் பிரித்தெடுத்து, எக்ஸ்ரே படலத்தின் மீது வைத்து, படலம் கருமையாகும்வரை காத்திருக்க வேண்டும். எர்க்கின் செயல்திறனை அறிய, அதைச் செல்லிலிருந்து பிரித்து, சோதனைக் குழாயில் மயலின் அடிப்படைப் புரதத்தோடு கலந்து, அப்புரதத்தில் எவ்வளவு கதிரியக்கம் ஏறியது என்று எண்ணினர். முறை துல்லியமானதுதான்; ஆனால் ஒரு முறைக்கு ஒரு சில மாதிரிகளையே கையாள முடிந்தது. நோயாளியின் உடலிலிருந்து எடுத்த திசுத் துண்டுக்கு உள்ளே, எந்தச் செல்லில் எர்க் செயலூக்கம் பெற்றிருக்கிறது என்பதை இம்முறை சொல்லவே இயலாது. பாஸ்பேட் ஏறிய புரதத்தை மட்டும் தேடிப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு ஒன்று தேவைப்பட்டது.

உடல் தரும் கருவி

அத்தகைய மூலக்கூறுகளை உருவாக்கும் திறன் முதுகெலும்புள்ள விலங்குகளின் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு இயல்பாகவே உண்டு. உடலுக்குள் நுழையும் அயற்பொருளை, அதாவது ஆன்டிஜெனை, அடையாளம் கண்டு பற்றுவதற்காகப் பி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் சுரக்கும் புரதங்களே எதிர்ப்பொருள்கள். ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் வகை, இரு கனமான சங்கிலிகளும் இரு இலகுவான சங்கிலிகளும் சேர்ந்து, இரு கிளைகளாகப் பிரியும் கவை போன்ற வடிவில் அமைந்தது. எடை ஏறத்தாழ 150 கிலோடால்டன். இந்தக் கட்டமைப்பைத் தெளிவுபடுத்திய ஜெரால்டு எடல்மனும் ராட்னி போர்ட்டரும் 1972-இல் நோபல் பரிசு பெற்றனர். கவையின் ஒவ்வொரு கிளை நுனியிலும் ஆறு சிறு வளையங்கள் உள்ளன. எதிர்ப்பொருளுக்கு எதிர்ப்பொருள் மாறுபடுவது பெரும்பாலும் இந்த வளையங்களின் அமினோ அமில வரிசைதான். ஆன்டிஜெனில் இவ்வளையங்கள் பொருந்தும் சிறு பரப்பு எபிடோப் எனப்படுகிறது. எதிர்ப்பொருள் முழுப் புரதத்தையும் பார்ப்பதில்லை. எபிடோப்பை மட்டுமே பார்க்கிறது. இந்த ஒரு செய்தியை மறந்தவர்களே பின்னாளில் பெரும் குழப்பங்களுக்கு ஆளாயினர்.

ஒரு விலங்கின் இரத்தத்தில் பல்வேறு பி செல்கள் சுரந்த பல்வேறு எதிர்ப்பொருள்கள் கலந்திருக்கும். இக்கலவை பாலிகுளோனல் எனப்படுகிறது. இதிலிருந்து ஒரேயொரு வகையை மட்டும் தொடர்ந்து பெறும் வழியை 1975-இல் கேம்பிரிட்ஜின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் கண்டனர். எதிர்ப்பொருள் சுரக்கும் சுண்டெலியின் மண்ணீரல் செல்லையும், ஓயாமல் பிரியும் இயல்புடைய புற்றுநோய்ச் செல்லையும் ஒன்றாக இணைத்து அவர்கள் பெற்ற கலப்புச் செல், ஹைபிரிடோமா, ஒரே வகை எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே வளர்ந்தது. ஒற்றைச் செல்லின் வழித்தோன்றல்கள் தருவதால் இது மோனோகுளோனல் எனப்பட்டது. நீல்ஸ் எர்னேயுடன் இவ்விருவரும் 1984-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஹன்டரின் கண்டுபிடிப்பு வெளிவந்து இரண்டே ஆண்டுகளில், 1981-இல், அலோன்சோ ராஸ், டேவிட் பால்ட்டிமோர், ஹெர்மன் ஐசன் ஆகியோர் பாஸ்போடைரோசினை ஒத்த செயற்கை வேதிப்பொருள் ஒன்றைக்கொண்டு, பாஸ்போடைரோசினைப் பற்றும் எதிர்ப்பொருளை உருவாக்கினர். 1980-களின் பிற்பகுதியில் பாஸ்டனின் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்தில் பிரையன் டிரக்கர் உருவாக்கிய 4ஜி10 என்னும் எதிர்ப்பொருள் இவ்வகையில் மிகப் புகழ்பெற்றது. நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் பிசிஆர்-ஏபிஎல் என்னும் பிறழ்ந்த கைனேஸை ஒரு வேதிப்பொருள் அடக்குகிறதா என்று டிரக்கர் பின்னர் சோதித்தபோது, செல்லில் பாஸ்போடைரோசின் குறைந்ததைக் காட்டித் தந்தது இத்தகைய எதிர்ப்பொருள்தான். அந்த வேதிப்பொருளே 2001-இல் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப்.

ஆனால் 4ஜி10 பாஸ்போடைரோசினை எந்தப் புரதத்தில் கண்டாலும் பற்றிக்கொள்ளும். எர்க்கில் ஏறிய பாஸ்பேட்டை மட்டும் அறிய வேண்டுமானால், பாஸ்பேட்டையும் அதைச் சூழ்ந்த அமினோ அமில வரிசையையும் ஒருங்கே அடையாளம் காணும் எதிர்ப்பொருள் வேண்டும். இந்த இரட்டை அடையாள உத்தியை வளர்த்தெடுத்ததில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் பால் கிரீன்கார்டின் குழுவுக்கு முக்கியப் பங்குண்டு. மூளைச் செல்களின் பாஸ்பேட் ஏறிய புரதங்களை ஆராய்ந்த அக்குழு, புரதத்தின் ஒரு சிறு துண்டைப் பாஸ்பேட்டோடு செயற்கையாகத் தயாரித்து விலங்குக்குச் செலுத்தும் முறையைப் பரவச் செய்தது.

முயலிலிருந்து குப்பிக்கு

எர்க்கின் பாஸ்பேட் நிலையறி எதிர்ப்பொருள் தயாராகும் விதம் இந்த முறையின் விரிவே. செயலூக்க வளையத்தின் வரிசையைப் பின்பற்றி, பத்து முதல் பதினைந்து அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு, அதாவது சிறு புரதத் துண்டு, வேதிமுறையில் கட்டப்படுகிறது. அதன் திரியோனினிலும் டைரோசினிலும் பாஸ்பேட் முன்கூட்டியே பொருத்தப்பட்டிருக்கும். இவ்வளவு சிறிய மூலக்கூறு தனித்து நோயெதிர்ப்பைத் தூண்டாது என்பதால், கீஹோல் லிம்பெட் என்னும் கடல் நத்தையின் இரத்தத்திலிருந்து கிடைக்கும் பெரும்புரதத்தோடு அதை இணைத்து முயலுக்கு ஊசி வழியே செலுத்துகின்றனர். சில வார இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் செலுத்தும்போது, எதிர்ப்பொருளின் அளவும் பற்றும் வலிமையும் கூடுகின்றன.

முயலின் சீரத்தில் இப்போது நான்கு வகை எதிர்ப்பொருள்கள் கலந்திருக்கும்: பாஸ்பேட் ஏறிய பெப்டைடை மட்டும் பற்றுபவை, பாஸ்பேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பெப்டைடைப் பற்றுபவை, நத்தைப் புரதத்தைப் பற்றுபவை, முயல் தன் வாழ்நாளில் சந்தித்த பிற கிருமிகளுக்கு எதிரானவை. இவற்றுள் வேண்டியது முதல் வகை மட்டுமே. நெல்லைப் புடைத்துப் பதரை நீக்குவதுபோல, இங்கும் நீக்குவதே முதல் வேலை: பாஸ்பேட் இல்லாத அதே பெப்டைடைப் பதித்த சிறு மணிகள் நிரம்பிய குழலின் வழியே சீரத்தைச் செலுத்தினால், பாஸ்பேட்டைப் பொருட்படுத்தாத எதிர்ப்பொருள்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன. வெளியேறியதைப் பாஸ்பேட் ஏறிய பெப்டைடு பதித்த இரண்டாவது குழலில் செலுத்தி, அங்கே பற்றியதைக் கழுவி எடுத்தால், தேவையான எதிர்ப்பொருள் கிடைக்கிறது. எர்க் 1, எர்க் 2 இரண்டிலும் செயலூக்க வளையத்தின் வரிசை ஒன்றே என்பதால், ஒரே எதிர்ப்பொருள் இரண்டையும் காட்டும்.

முயல் இறந்ததும் அந்தச் சீரமும் தீர்ந்துபோகும். அடுத்த முயலின் கலவை முந்தையதைப்போல இராது. எனவே ஒரே வகையைத் தொடர்ந்து தரும் மோனோகுளோனல்களை நோக்கி ஆய்வுலகம் நகர்ந்தது. சிகாகோவின் லயோலா பல்கலைக்கழகத்தில் கேத்ரின் நைட் குழுவினர் 1995-இல் முயல் செல்களையே ஹைபிரிடோமாவாக்கும் வழியைக் கண்டபின், நுண்ணிய வேற்றுமைகளை அறிவதில் வல்லவையாகக் கருதப்படும் முயல் எதிர்ப்பொருள்களையும் மோனோகுளோனலாகப் பெற முடிந்தது. இப்போது மேலும் ஒரு படி சென்று, எதிர்ப்பொருளின் மரபணு வரிசையைப் படித்து, அதை வளர்ப்புச் செல்களில் பொருத்தி உற்பத்தி செய்கின்றனர். மறுசேர்க்கை எதிர்ப்பொருள் எனப்படும் இது, விலங்கையும் ஹைபிரிடோமாவையும் சாராமல், எழுதிவைத்த வரிசையிலிருந்து எப்போது வேண்டுமானாலும் மீண்டும் உருவாக்கத்தக்கது.

பட்டைகளைப் படித்தல்

இவ்வெதிர்ப்பொருள் மிகுதியாகப் பயன்படும் சோதனை வெஸ்டர்ன் பிளாட். இதில் ஒவ்வொரு படியும் ஒரு காரணத்துக்காக அமைந்தது. செல்களை உடைக்கும்போது, பாஸ்பேட்டை நீக்கும் பாஸ்பட்டேஸ் நொதிகளும் வெளிப்பட்டு, சில நிமிடங்களில் சான்றையே அழித்துவிடக்கூடும். ஆகவே பனிக்கட்டிக் குளிரில், சோடியம் ஆர்த்தோவனடேட், சோடியம் ஃப்ளோரைடு போன்ற தடுப்பான்கள் கலந்த கரைசலில் செல்கள் உடைக்கப்படுகின்றன. எஸ்டிஎஸ் என்னும் சலவைப்பொருளோடு கொதிக்கவைத்ததும் புரதங்களின் மடிப்புகள் விரிந்து, அனைத்தும் எதிர்மின்னேற்றம் பெறுகின்றன. பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் மின்னோட்டம் பாயும்போது சிறியவை விரைந்தும் பெரியவை மெதுவாகவும் நகர்ந்து, எடைவாரியாக வரிசையாகின்றன. பின்னர் அவை ஜெல்லிலிருந்து நைட்ரோசெல்லுலோஸ் போன்ற மெல்லிய தாளுக்கு மாற்றப்படுகின்றன. தாளில் காலியாக உள்ள இடங்களில் எதிர்ப்பொருள் கண்டபடி ஒட்டாதிருக்க, வேறொரு புரதத்தால் அவ்விடங்கள் நிரப்பப்படுகின்றன. இதற்குப் பால்பொடிக் கரைசல் மலிவானது. ஆனால் பாலின் கேசீன் தானே பாஸ்பேட் ஏறிய புரதம் என்பதால், பாஸ்பேட் நிலையறி எதிர்ப்பொருளுக்குப் பலர் மாட்டுச் சீரத்தின் ஆல்புமினையே தேர்கின்றனர்.

இதன்பின் எர்க்கைத் தேடும் முதல் எதிர்ப்பொருள் சேர்க்கப்படுகிறது. அது கண்ணுக்குத் தெரியாது என்பதால், முயல் எதிர்ப்பொருளையே ஆன்டிஜெனாகக் கருதி ஆட்டின் உடல் உருவாக்கிய இரண்டாவது எதிர்ப்பொருள், குதிரை முள்ளங்கியிலிருந்து பெற்ற பெராக்சிடேஸ் நொதியைச் சுமந்து வந்து அதன்மேல் அமர்கிறது. லூமினால் என்னும் வேதிப்பொருளை ஊற்றினால் அந்நொதி இருக்குமிடத்தில் ஒளி எழுந்து, கேமராவில் பட்டையாகப் பதிவாகிறது. எர்க் செயலூக்கம் பெற்றிருந்தால், 44, 42 கிலோடால்டன் இடங்களில் அடுத்தடுத்து இரு பட்டைகள் தோன்றும். அதே மாதிரியில், பாஸ்பேட்டைப் பொருட்படுத்தாமல் எர்க் முழுவதையும் காட்டும் வேறோர் எதிர்ப்பொருளையும் பயன்படுத்துவது இன்றியமையாதது. இல்லையேல் பாஸ்பேட் கூடியதா, எர்க்கின் அளவே கூடியதா என்று பிரித்தறிய முடியாது.

இந்தப் பட்டைகள் என்ன சொல்லித் தந்தன என்பதற்கு எலியின் அட்ரினல் கட்டியிலிருந்து பெற்ற பிசி12 செல்கள் நல்ல சான்று. மேல்தோல் வளர்ச்சிக் காரணியைச் சேர்த்தால் இச்செல்கள் பெருகுகின்றன. நரம்பு வளர்ச்சிக் காரணியைச் சேர்த்தால் பெருகுவதை விட்டு, நீண்ட நீட்சிகளை வளர்த்து நரம்புச் செல்களைப்போல முதிர்கின்றன. இரண்டுமே எர்க்கைத் தூண்டுகின்றன. வேறுபாடு கால அளவில் இருக்கிறது: முதலாவதில் எர்க்கின் செயலூக்கம் சில நிமிடங்களில் உச்சம் தொட்டு விரைவில் தணிகிறது, இரண்டாவதில் பல மணி நேரம் நீடிக்கிறது. கதிரியக்க அளவீடுகளின் வழியே தெரியவந்த இந்த உண்மையை லண்டனின் கிறிஸ்டோபர் மார்ஷல் 1995-இல் ஒரு பொதுக் கருத்தாக முன்வைத்தார். பாஸ்பேட் நிலையறி எதிர்ப்பொருள் வந்தபின், இத்தகைய காலவரிசையை எந்தச் சிறு ஆய்வகமும் கதிரியக்கமின்றிப் பதிவுசெய்ய முடிந்தது.

மருத்துவத்திலும் அதன் பங்கு சிறிதன்று. மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் பி-ராஃப் மரபணு பிறழ்ந்து, வளர்ச்சிக் காரணி இல்லாமலே மெக்கையும் எர்க்கையும் ஓயாது தூண்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் பிறழ்ந்த பி-ராஃபை அடக்கும் வெமுராஃபெனிப் மருந்து சோதனையில் இருந்தபோது, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த கட்டித் துண்டுகளில் எர்க்கின் பாஸ்பேட் நிலையை எதிர்ப்பொருளால் அளந்தனர். செல்சாற்றில் பாஸ்பேட் ஏறிய எர்க் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்த நிலையிலேயே கட்டி தெளிவாகச் சுருங்கியது என்று 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. பாதியளவு அடக்குவது போதாது என்பதை இதனால் அறிந்து மருந்தின் அளவைத் தீர்மானிக்க இயன்றது; 2011-இல் அமெரிக்காவில் அம்மருந்து ஒப்புதல் பெற்றது.

தவறான இடத்தில் ஒட்டிய எதிர்ப்பொருள்

இத்தனை வெற்றிகளுக்கும் அடியில் ஓர் எடுகோள் இருக்கிறது: பட்டை தோன்றிய இடத்தில் ஒட்டியிருப்பது தேடிய புரதமே என்பது. அது பொய்த்தால் என்னாகும் என்பதை எரித்ரோபோயிட்டின் ஏற்பியின் வரலாறு காட்டுகிறது. எரித்ரோபோயிட்டின் சிறுநீரகம் சுரக்கும் ஹார்மோன். எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்கள் உருவாகத் தூண்டுவது. மரபணுப் பொறியியலால் தயாரித்த அதன் வடிவம் 1989 முதல் இரத்தசோகைக்கு மருந்தாகப் பயன்பட்டது, புற்றுநோயாளிகளுக்கும் தரப்பட்டது. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஒரு மருத்துவ ஆய்வு 2003-இல் வெளியானபோது, மருந்து பெற்றவர்களுக்கு ஹீமோகுளோபின் கூடினாலும் நோயின் போக்கு மோசமாக இருந்தது. புற்றுநோய்ச் செல்களின் மேலேயே இந்த ஏற்பி இருந்து, மருந்து அவற்றை வளர்க்கிறதோ என்ற ஐயம் இயல்பாக எழுந்தது. பல்வேறு கட்டிகளில் ஏற்பி இருப்பதாகக் கூறிய ஆய்வுகளும் இருந்தன. அவற்றுள் பல, சந்தையில் கிடைத்த பாலிகுளோனல் எதிர்ப்பொருள்களை நம்பியவை.

அவ்வெதிர்ப்பொருள்களை 2006-இல் அம்ஜென் நிறுவனத்தின் ஸ்டீவ் எலியட் குழுவினர் ஆராய்ந்தனர். அம்மருந்தை விற்ற நிறுவனமே அது என்பதால், முடிவில் அவர்களுக்கு நலன் இருந்ததையும் குறிப்பிட வேண்டும். ஆயினும் அவர்கள் காட்டிய சான்று எவரும் திரும்பச் செய்து பார்க்கத்தக்கதாக இருந்தது. மிகுதியாகப் பயன்பட்ட சி-20 என்னும் எதிர்ப்பொருள் காட்டிய முக்கியப் பட்டை 66 கிலோடால்டனில் இருந்தது. உண்மையான ஏற்பியோ ஏறத்தாழ 59 கிலோடால்டன். 66-இல் இருந்தது, செல் நெருக்கடிக்கு உள்ளாகும்போது பெருகும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களின் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று. எதிர்ப்பொருள் பார்ப்பது எபிடோப்பை மட்டுமே என்பதால், தொடர்பற்ற இரு புரதங்களில் ஒத்த ஒரு சிறு வரிசை அமைந்தாலே இத்தகைய பிழை நேரக்கூடும். அந்த இரண்டாவது புரதம் செல்லில் மிகுதியாக இருப்பின், பட்டை உண்மையானதைவிடப் பளிச்சென்று தெரியும். இதனால் மருந்தின் தீங்கு இல்லையென்று ஆகிவிடவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-இல் கடும் எச்சரிக்கையை விதித்தது. ஆனால் தீங்கின் காரணம் பற்றிய விவாதம், பிறிதொரு புரதத்தின் பட்டைகளைச் சான்றாகக்கொண்டு பல ஆண்டுகள் நடந்திருந்தது.

இது தனித்த நிகழ்வன்று. மோனோகுளோனல் என்ற பெயரே உத்தரவாதம் என்று நம்புவதற்கும் இடமில்லை: 2018-இல் 185 ஹைபிரிடோமாக்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்ப்பொருள் சங்கிலிகளை உருவாக்கிக்கொண்டிருந்தன. கனடாவின் மான்ட்ரியாலை மையமாகக் கொண்ட ஒரு திறந்த அறிவியல் குழு, 65 புரதங்களுக்கெனச் சந்தையில் விற்கப்படும் 614 எதிர்ப்பொருள்களைச் சோதித்து 2023-இல் முடிவை வெளியிட்டது. தேடவேண்டிய புரதத்தையே காட்டாத எதிர்ப்பொருள்கள் ஏராளமான கட்டுரைகளில் பயன்பட்டிருந்தன. மறுசேர்க்கை எதிர்ப்பொருள்கள் சராசரியாக மற்ற இரு வகைகளையும்விடச் சிறப்பாகச் செயல்பட்டதும், பல நிறுவனங்கள் முடிவுகளை ஏற்றுத் தம் பொருள்களைத் திரும்பப்பெற்றதும் அல்லது பரிந்துரைகளை மாற்றியதும் அதன் நற்பயன்கள்.

தகுதியை நிறுவுதல்

இவற்றிலிருந்து பெறப்படும் விதி ஒன்றுதான்: ஓர் எதிர்ப்பொருளின் தகுதி, அது எங்கே ஒட்டுகிறது என்பதைவிட எங்கே ஒட்டாதிருக்கிறது என்பதில்தான் வெளிப்படுகிறது. புரதம் உள்ள செல்லில் பட்டை தோன்றுவது எளிது. பொய்யான எதிர்ப்பொருளும் ஏதாவது ஒரு பட்டையைக் காட்டும். புரதம் இல்லாத செல்லில் பட்டை மறைவதே வலிய சான்று. கிறிஸ்பர் முறையால் எர்க் 1-இன் மரபணுவை நீக்கிய செல்லில் 44 கிலோடால்டன் பட்டை மறைந்து, 42 அப்படியே இருக்குமானால், எதிர்ப்பொருள் எர்க்கைத்தான் பார்க்கிறது என்று கொள்ளலாம்.

பாஸ்பேட் நிலையறி எதிர்ப்பொருளுக்கு இது மட்டும் போதாது. புரதம் இருக்க, பாஸ்பேட் மட்டும் இல்லாத நிலையிலும் அது ஒட்டாதிருக்க வேண்டும். எனவே மெக்கை அடக்கும் யு0126 என்னும் வேதிப்பொருளால் செல்லை முன்னரே நடத்திவிட்டு வளர்ச்சிக் காரணியைச் சேர்க்கின்றனர். அல்லது லாம்டா பாஸ்பட்டேஸ் நொதியால் தாளிலுள்ள புரதங்களின் பாஸ்பேட்டை நீக்கிவிட்டு எதிர்ப்பொருளைச் சேர்க்கின்றனர். இரண்டிலும் பாஸ்போ-எர்க் பட்டை மறைந்து, மொத்த எர்க்கின் பட்டை மாறாதிருக்க வேண்டும். இதற்கும் அப்பால் ஒரு நுட்பம் உண்டு: டைரோசின் மீது மட்டும் பாஸ்பேட் ஏறிய எர்க் முழுச் செயலூக்கம் பெற்றதன்று, ஆனால் சில எதிர்ப்பொருள்கள் அதையும் ஓரளவு பற்றக்கூடும். இரட்டைப் பாஸ்பேட் வடிவத்தை மட்டுமே காட்டும் எதிர்ப்பொருளே செயலூக்கத்தின் நம்பகமான அளவுகோல்.

எதிர்ப்பொருள் சரிபார்ப்புக்கெனப் பன்னாட்டு ஆய்வாளர் குழு ஒன்று 2016-இல் ஐந்து வழிகளை முன்வைத்தது: மரபணுவை நீக்கிப் பார்த்தல், எதிர்ப்பொருள் சாராத வேறொரு முறையால் அதே புரதத்தை அளந்து ஒப்பிடுதல், வேறொரு எபிடோப்பைப் பற்றும் இரண்டாவது எதிர்ப்பொருளோடு ஒப்பிடுதல், அடையாளக் குறி பொருத்திய புரதத்தை உருவாக்கிப் பார்த்தல், எதிர்ப்பொருள் பற்றியதை நிறை நிறமாலைமானியால் கண்டறிதல். இவற்றுள் எதுவும் எல்லாப் பயன்பாட்டுக்கும் பொருந்தாது. வெஸ்டர்ன் பிளாட்டில் புரதம் விரிந்த நிலையில் இருக்கிறது. ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவிலோ அது மடிந்து, குறுக்குப் பிணைப்புகளால் எபிடோப் மறைந்து, வெப்பமூட்டி அதை மீட்கவேண்டிய நிலையில் இருக்கிறது. ஒன்றில் தேறிய எதிர்ப்பொருள் மற்றதில் தவறலாம். திசுவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: அறுவைச் சிகிச்சையில் இரத்த ஓட்டம் நின்ற கணத்திலிருந்து பதப்படுத்தும்வரை பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதும் தொடர்கிறது, எதிர்ப்பொருள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், கட்டி மேசைமீது காத்திருந்த நேரத்தின் விளைவையும் சேர்த்தே அது காட்டும்.

இறுதியாக, பட்டையின் பொருளிலேயே ஓர் எல்லை உண்டு. தாளில் தெரிவது இலட்சக்கணக்கான செல்களின் சராசரி. பாதிக் கருமையான பட்டை, எல்லாச் செல்களிலும் எர்க் பாதியளவு செயலூக்கம் பெற்றதாலும் வரலாம், பாதிச் செல்களில் முழுமையாகவும் மீதியில் அறவே இல்லாமலும் இருந்ததாலும் வரலாம். இந்த வேறுபாட்டை அறியத் தனித்தனிச் செல்லாக அளக்கும் ஒளிர்வு நுண்ணோக்கியும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும் தேவைப்படுகின்றன. அவற்றிலும் பெரும்பாலும் பயன்படுவது எதிர்ப்பொருளே. ஆகவே கருவி மாறினாலும் சரிபார்க்கும் பொறுப்பு குறைவதில்லை. ஆய்வுக் கட்டுரையில் பாஸ்போ-எர்க் பட்டையைக் காணும் வாசகர், எதிர்ப்பொருளின் அடையாள எண் தரப்பட்டுள்ளதா, மெக்கை அடக்கிய செல்லின் மாதிரி அருகில் உள்ளதா, மொத்த எர்க் அதே மாதிரியில் அளக்கப்பட்டதா என்ற மூன்று கேள்விகளைக் கேட்கலாம். மூன்றுக்கும் ஆம் என்று விடை சொல்லும் கட்டுரையை வேறோர் ஊரின் ஆய்வகமும் திரும்பச் செய்து சோதிக்க முடியும். அறிவியலில் ஒரு பட்டைக்குக் கிடைக்கக்கூடிய மதிப்பும் அந்தச் சோதனையில் தேறிய பின்னரே வருகிறது.